ஓவர்டைம்: எத்தனை மணி வரை, எத்தனை வெள்ளி வரை?

தொழிற்சாலை ஓவர்டைம் பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். தீபகற்ப மலேசியாவிலும் லாபுவானிலும் நடப்பில் உள்ள 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தை வைத்துப் பதில் சொல்லியிருக்கிறோம். சபாவுக்கும் சரவாக்குக்கும் தனித் தொழிலாளர் சட்டங்கள் உண்டு. அங்கு வேலை செய்பவர்கள் இந்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பிறையில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் லைன் ஓபரேட்டராக இருக்கிறேன். பெண்களை இரவு 10 மணிக்கு மேல் வேலையில் வைக்கக் கூடாது என்று அம்மா சொல்வார். "அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டார்கள், இனி ஆண்களைப் போல எவ்வளவு நேரம் சொன்னாலும் நிற்க வேண்டும்" என்கிறார் சூப்பர்வைசர். எது சரி?
— வாசகி, பிறை

சட்டத்தை எடுத்துவிட்டார்கள் என்பது சரி. எவ்வளவு நேரம் சொன்னாலும் நிற்க வேண்டும் என்பது தவறு.

பழைய 34-ஆம் பிரிவு, தொழில்துறையிலும் விவசாயத்திலும் பெண்களை இரவு 10 மணி முதல் காலை 5 மணி வரை வேலை வாங்கத் தடை விதித்தது. தொழிலாளர் இலாகா தலைமை இயக்குநரிடம் விலக்கு பெற்றுத்தான் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனிகள் இரவு ஷிப்டில் பெண்களை வைத்திருந்தன. 1-1-2023 முதல் அந்தப் பிரிவு நீக்கப்பட்டது. அதோடு சேர்ந்து போன இன்னொன்றைப் பலர் கவனிக்கவில்லை: ஒரு வேலை முடிந்து அடுத்த வேலை தொடங்குவதற்குள் பெண்ணுக்கு 11 மணி நேரத் தொடர் ஓய்வு தர வேண்டும் என்பதும் அதே பிரிவில்தான் இருந்தது. எங்களைக் கேட்டால், இரவுத் தடை போனதைவிட இதுதான் பெரிய இழப்பு.

ஆனால் 60ஏ பிரிவின் வரம்புகள் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றே, அவை அப்படியே இருக்கின்றன. வழக்கமான வேலை ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 45 மணி நேரம். வாரத்தில் ஏதாவது ஒரு நாள் 8 மணிக்குக் குறைவாக இருந்தால், ஒப்புதலோடு மற்ற நாள்களில் 9 மணி வரை போகலாம். தொடர்ந்து 5 மணி நேரம் வேலை செய்தால் குறைந்தது 30 நிமிட இடைவேளை வேண்டும்; 15 நிமிட டீ பிரேக்கை இரண்டு முறை கொடுத்து அதுதான் இடைவேளை என்று சொல்ல முடியாது. ஓவர்டைமையும் சேர்த்து ஒரு நாளில் 12 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. சாப்பாட்டு நேரம் இந்த 12-இல் சேராது.

12 மணி வரம்பைத் தாண்ட ஐந்தே காரணங்கள்தாம் உண்டு: நடந்த அல்லது நடக்கவிருக்கும் விபத்து, மக்களின் வாழ்வுக்கு இன்றியமையாத வேலை, நாட்டின் பாதுகாப்பு, இயந்திரத்தில் அவசரமாகச் செய்ய வேண்டிய வேலை, முன்கூட்டியே எதிர்பார்க்க முடியாத வேலைத் தடங்கல். ஷிப்மென்ட் தேதி நெருங்குவது இந்த ஐந்தில் இல்லை. அது எல்லாருக்கும் முன்பே தெரிந்த தேதி.

இரவு ஷிப்டில் இருப்பவர்கள் ஒரு தந்திரத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். மாலை 7 மணிக்கு உள்ளே போனவரை மறுநாள் காலை 11 வரை நிறுத்திவிட்டு, "நள்ளிரவோடு ஒரு நாள் முடிந்தது, நேற்று 5 மணி நேரம், இன்று 11 மணி நேரம்" என்று கணக்குக் காட்டுவார்கள். நள்ளிரவைத் தாண்டும் வேலைக்கு, எந்த நேரத்தில் தொடங்கினாலும் அதிலிருந்து 24 மணி நேரம்தான் ஒரு நாள் என்று சட்டத்தின் சொல்விளக்கமே சொல்கிறது. அந்தப் 16 மணி நேரமும் ஒரே நாள் கணக்கு.

மாதத்துக்கு 104 மணி நேரம்தான் ஓவர்டைம் என்கிறார்கள். என் சம்பளச் சீட்டில் 98 என்று இருக்கிறது. ஆனால் நான்கு ஞாயிற்றுக்கிழமையும் போயிருக்கிறேன், ஒவ்வொன்றும் 12 மணி நேரம். கம்பெனி வரம்பை மீறியதா, இல்லையா?
— வாசகி, சுங்கை பட்டாணி

மீறியிருக்கிறது. எப்படி என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள், ஏனென்றால் கம்பெனியின் கணக்காளரும் பாதி சரியாகத்தான் சொல்வார்.

104 மணி என்பது 1980-ஆம் ஆண்டு விதிமுறையில் வந்த எண். ஓய்வு நாளிலோ பொது விடுமுறையிலோ செய்யும் வழக்கமான நேர வேலை இந்த 104-க்குள் வராது. இதைச் சொல்லித்தான் ஞாயிற்றுக்கிழமையை மொத்தமாகக் கழித்துவிடுகிறார்கள். ஆனால் அந்த நாளில் வழக்கமான நேரத்தைத் தாண்டிச் செய்த மணிகள் 104-க்குள் வரும். உங்கள் வழக்கமான நேரம் நாளைக்கு ஏழரை மணி என்றால், ஒவ்வொரு ஞாயிறும் நாலரை மணி கூடுதல். நான்கு வாரத்துக்கு 18. சீட்டில் உள்ள 98-உடன் சேர்த்தால் 116.

ஏழரை மணி என்று ஏன் சொல்கிறோம் என்றால், வாரம் 45 மணியை 6 நாளுக்குப் பிரித்தால் அதுதான் வரும். முன்பு வாரம் 48 மணியாக இருந்தது. 6 நாள், நாளைக்கு 8 மணி. 12 வரை போனால் 4 மணி ஓவர்டைம். 26 நாளுக்கு 104. கணக்கு கச்சிதமாகப் பொருந்தும். 2023-இல் வாரம் 45 ஆனபோது 104 மாறவில்லை. அதனால் இப்போது தினமும் 12 மணி வேலை செய்தால் நாளைக்கு நாலரை மணி ஓவர்டைம், 26 நாளுக்கு 117. "தினமும் 12-ஐத் தாண்டவில்லையே" என்று சொல்லும் கம்பெனியும் மாதக் கடைசியில் வரம்பை 13 மணி தாண்டியிருக்கும். இரண்டு வரம்பையும் தனித்தனியாகப் பாருங்கள். வரம்பு மீற இலாகாவின் அனுமதி இருக்கிறது என்று மனிதவளப் பிரிவு சொன்னால், அந்தக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

ஓய்வு நாளுக்கு வேறொரு விதியும் உண்டு. எல்லாருக்கும் ஒரே கிழமை ஓய்வு நாளாக இல்லாத இடத்தில், யாருக்கு எந்த நாள் ஓய்வு என்ற பட்டியலை மாதம் பிறப்பதற்கு முன்பே தயார் செய்ய வேண்டும். ஷிப்ட் ஆட்களுக்கு 30 மணி நேரத் தொடர் ஓய்வே ஓய்வு நாள். மாதத்தின் நடுவில் வாட்ஸ்அப்பில் "நாளை உங்கள் ஓப் மாறுகிறது" என்று வருவது பட்டியல் ஆகாது. அந்தச் செய்தியை அழிக்காமல் வையுங்கள்.

அடிப்படைச் சம்பளம் 1,850 வெள்ளி, திறன் அலவன்ஸ் மாதம் 100 வெள்ளி. ஓவர்டைம் மணிக்கு எவ்வளவு வர வேண்டும்? கேட்டால் ஆளுக்கு ஒரு கணக்குச் சொல்கிறார்கள்.
— வாசகர், கிள்ளான்

ஒவ்வொரு மாதமும் மாறாமல் வரும் திறன் அலவன்ஸ் செய்த வேலைக்கான கூலிதான். அதைச் சேர்க்க வேண்டும். போக்குவரத்து அலவன்ஸ், ஆண்டு போனஸ், சேமநிதிக்கு முதலாளி கட்டும் பங்கு ஆகியவை சேராது. ஆக 1,950 வெள்ளி. அதை 26-ஆல் வகுத்தால் நாள் கூலி 75 வெள்ளி. வழக்கமான நேரம் ஏழரை மணி என்றால் மணிக்கு 10 வெள்ளி. சாதாரண நாள் ஓவர்டைம் ஒன்றரை மடங்கு, அதாவது 15 வெள்ளி.

தவறு நடப்பது பெரும்பாலும் இந்த மூன்று இடங்களில். அலவன்ஸை விட்டுவிட்டு 1,850-இல் கணக்குப் போட்டால் 14 வெள்ளி 23 சென். வாரம் 45 மணி ஆன பிறகும் பழைய வழக்கப்படி 8-ஆல் வகுத்தால் 14 வெள்ளி 6 சென். மூன்றாவதுதான் மோசம்: 26-க்குப் பதில் 30-ஆல் வகுப்பது. அப்போது 13 வெள்ளிதான் வரும். மணிக்கு 2 வெள்ளி போகிறது. 100 மணி செய்தவருக்கு மாதம் 200 வெள்ளி. இந்தக் குழப்பத்துக்கு ஒரு காரணம் உண்டு. மாத நடுவில் சேர்ந்தவர், விலகியவர், சம்பளமில்லா விடுப்பு எடுத்தவர் ஆகியோரின் அரைகுறை மாதச் சம்பளத்தை அந்த மாதத்தின் மொத்த நாள்களால் வகுக்கச் சொல்லும் 18ஏ பிரிவு 2023-இல் வந்தது. அதை எடுத்து ஓவர்டைமுக்கும் போட்டுவிடுகிறார்கள். ஓவர்டைமுக்கு 26-தான்.

5 நாள் வாரமாக நாளைக்கு 9 மணி வேலை என்றால் வகுக்கும் எண் 9 ஆகும், ஓவர்டைமும் ஒன்பது மணிக்குப் பிறகுதான் தொடங்கும். வேலைக் கடிதத்தில் எது எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

ஓய்வு நாளில் மாதச் சம்பளக்காரர் பாதி நாள் வரை வேலை செய்தால் அரை நாள் கூலி, அதற்கு மேல் முழு வேலை நேரம் வரை ஒரு நாள் கூலி கூடுதலாக வரும். அதையும் தாண்டினால் மணிக்கு இரண்டு மடங்கு. உங்கள் கணக்கில் 12 மணி நேர ஞாயிற்றுக்கிழமைக்கு 75-உம், நாலரை மணிக்கு 20 வீதம் 90-உம் சேர்ந்து 165 வெள்ளி.

மாதச் சம்பளம் 4,000 வெள்ளிக்கு மேல் போனால், உடலுழைப்புத் தொழிலாளி அல்லாதவர் ஓவர்டைம் கூலியைச் சட்டப்படி கேட்க முடியாது. ஒப்பந்தத்தில் இருந்தால் உண்டு. சம்பளம் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் வர வேண்டும். ஓவர்டைம் பணத்துக்கு மட்டும் அடுத்த சம்பளக் காலத்தின் கடைசி நாள் வரை அவகாசம் இருக்கிறது. ஆகவே மார்ச் ஓவர்டைம் ஏப்ரல் கடைசிக்குள் வரவில்லை என்றால்தான் தாமதம்.

என் மகளுக்கு 17 வயது. எஸ்.பி.எம். எழுதிவிட்டு, ரிசல்ட் வரும் வரை ஏஜென்ட் மூலம் ஒரு பிளாஸ்டிக் பாகத் தொழிற்சாலைக்குப் போகிறாள். காலை 8 முதல் இரவு 8 வரை, சில நாள் 10 வரை. நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததால் பரவாயில்லை என்கிறார் ஏஜென்ட். நிறுத்தலாம் என்றால் ஒரு மாதச் சம்பளத்தைக் கட்டச் சொல்கிறார்.
— ஒரு தாய், ஈப்போ

உங்கள் கையெழுத்துக்கு இதில் எந்த வேலையும் இல்லை. பெற்றோர் சம்மதித்தாலும், பிள்ளையே ஆசைப்பட்டுக் கேட்டாலும், 1966-ஆம் ஆண்டு சிறார், இளையோர் வேலைவாய்ப்புச் சட்டத்தின் நேர வரம்பு மாறாது.

15 வயது நிறைந்து 18 நிறையாதவர் அந்தச் சட்டத்தில் இளையவர். தொழிற்சாலையில் அவரை இரவு 8 மணி முதல் காலை 6 மணி வரை வைத்திருக்கக் கூடாது. ஒரு நாளைக்கு 7 மணி நேரம்தான் வேலை. பள்ளிக்குப் போகும் நாளாக இருந்தால் பள்ளி நேரமும் வேலை நேரமும் சேர்ந்தே 8. தொடர்ந்து 4 மணி நேரத்துக்கு மேல் போனால் 30 நிமிட ஓய்வு. ஏழு நாளில் ஆறு நாள்தான் வேலை. ஒரு நாள் வேலை முடிந்து அடுத்த நாள் தொடங்குவதற்குள் 12 மணி நேரத் தொடர் ஓய்வு. பெரியவர்களுக்கு இல்லாத இந்த இடைவெளி இளையவர்களுக்கு இன்னும் இருக்கிறது. 7-க்கு மேல் இடமே இல்லாததால், 17 வயதுப் பிள்ளைக்கு 12 மணி ஷிப்ட் என்ற பேச்சே எழாது. உங்கள் மகளுக்கு நேரம், இரவு எல்லை இரண்டும் மீறப்படுகின்றன. 10 மணிக்கு முடித்து மறுநாள் 8 மணிக்கு வரும் நாளில் ஓய்வு 10 மணி நேரம்தான். அந்த வரம்பும் போகிறது.

ஆபத்தான வேலையும் 18 வயது வரை தடை. மோல்டிங் இயந்திரத்தில் சிக்கிய பாகத்தைக் கையால் எடுக்கச் சொல்கிறார்களா, கரைப்பான் ஊற்றித் துடைக்கச் சொல்கிறார்களா என்று மகளிடம் கேளுங்கள். பாகத்தின் ஓரத்தைச் சீவி எண்ணிப் பெட்டியில் அடுக்குவது வேறு, இயந்திரத்தின் முன் நிறுத்துவது வேறு.

வேலைக் கடிதத்தில் "பயிற்சியாளர்" என்று எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள். முறையான தொழிற்பயிற்சி ஒப்பந்தத்தில் 8 மணி வரை அனுமதி உண்டு என்பதால் சில ஏஜென்டுகள் இந்தச் சொல்லைப் போட்டுவைப்பார்கள். அந்த ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், 6 முதல் 24 மாதக் காலம் குறிக்கப்பட வேண்டும், முறையாகத் தொழில் கற்றுத்தர வேண்டும். ரிசல்ட் வரும் வரை பெட்டி அடுக்குவது பயிற்சி ஆகாது. ஆனாலும் 8 மணிதான். 12 எப்படியும் வராது.

ஒரு மாதச் சம்பளத்தைக் கட்ட வேண்டியதில்லை. 18 வயதுக்கு உட்பட்டவர் வேலை ஒப்பந்தம் செய்துகொள்ளலாம், தன் பெயரில் வழக்கும் தொடுக்கலாம். ஆனால் ஒப்பந்தத்தை முறித்ததற்காக அவரிடம் இழப்பீடோ, நோட்டீசுக்குப் பதிலான பணமோ வசூலிக்க முடியாது என்று அதே சட்டம் சொல்கிறது. அந்தப் பணத்தைக் கடைசிச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டால் அது சட்டவிரோதப் பிடித்தம். இதுவரை செய்த கூடுதல் மணிகளுக்கும் கூலி உண்டு. வேலை வாங்கியது குற்றம் என்பதால் கூலி இல்லாமல் போகாது. புகார் எழுதும்போது ஏஜென்ட், தொழிற்சாலை இரண்டின் பெயரையும் எழுதுங்கள். ஒருவரை மட்டும் எழுதினால் மற்றவரைக் கைகாட்டித் தப்பிப்பார்கள்.

கிளீன் ரூமில் வேலை. ஷிப்ட் 7 மணிக்கு. ஆனால் 6.40-க்கு பிரீஃபிங்குக்கு நிற்க வேண்டும். பிறகு பன்னி சூட் (உடல் முழுதும் மூடும் கிளீன் ரூம் உடை), பூட், இரட்டைக் கையுறை, ஏர் ஷவரில் வரிசை. பஞ்ச் 7 மணிக்குத்தான். இந்த 20 நிமிடம் யார் கணக்கு?
— வாசகி, பாயான் லெப்பாஸ்

கம்பெனிக் கணக்கு. முதலாளியின் கட்டளைக்குக் கட்டுப்பட்டு, தன் நேரத்தையும் நடமாட்டத்தையும் தன் இஷ்டப்படி வைத்துக்கொள்ள முடியாத நேரம் எல்லாம் வேலை நேரம் என்கிறது 60ஏ(9). 6.40-க்கு வராவிட்டால் பெயர் எழுதுகிறார்கள் என்றால், 6.40-க்கே வேலை தொடங்கிவிட்டது. 20 நிமிடம், 26 நாள்: 520 நிமிடம், எட்டே முக்கால் மணிக்குச் சற்றுக் குறைவு. மாலையில் சூட்டைக் கழற்றி வெளியே வர 10 நிமிடம் ஆகிறது என்றால் மொத்தம் 13 மணி நேரம். இது கூலிக்கு மட்டும் உதவும் கணக்கு இல்லை. 12 மணி, 104 மணி இரண்டிலும் சேரும். பஞ்ச் இயந்திரம் சூட் மாற்றும் அறைக்கு முன்னால் இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா என்பதை வைத்தே பாதி விஷயம் புரிந்துவிடும். பிரீஃபிங் நேரத்தைச் சொல்லி வந்த குழுச் செய்திதான் உங்களுக்கு நல்ல ஆதாரம்.

தீபாவளி அன்று வேலைக்குப் போனால் மூன்று மடங்கு உண்டா?
— வாசகர், சிரம்பான்

முதலில் அது உங்கள் கம்பெனியின் விடுமுறைப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். ஆண்டுக்கு 11 பொது விடுமுறை. அதில் தேசிய தினம், மாமன்னர் பிறந்தநாள், மாநில ஆட்சியாளர் பிறந்தநாள் அல்லது கூட்டரசுப் பிரதேச தினம், தொழிலாளர் தினம், மலேசிய தினம் ஆகிய ஐந்தும் கட்டாயம். மீதி ஆறை முதலாளி தேர்ந்தெடுக்கிறார். தீபாவளி கட்டாயப் பட்டியலில் இல்லை என்பது நம்மவர்கள் பலருக்குத் தெரியாது. பட்டியலில் இருந்தால் மாதச் சம்பளத்தோடு கூடுதலாக இரண்டு நாள் கூலி. வழக்கமான நேரத்தைத் தாண்டிய மணிகளுக்குத்தான் மூன்று மடங்கு.

ஐந்து மாதக் கர்ப்பம். இரவு ஷிப்டும் ஓவர்டைமும் முடியவில்லை. கர்ப்பிணிக்கு இரவு வேலை இல்லை என்று சட்டம் உண்டா?
— வாசகி, பத்து பகாட்

நேரடியாக அப்படி ஒரு தடை இல்லை. வழி வேறு. 60பி (60P) பிரிவின் கீழ் வேலை நேர மாற்றம் கேட்டு எழுத்தில் மனுக் கொடுங்கள்: எந்தத் தேதியிலிருந்து, எந்த ஷிப்டுக்கு, எதற்காக. மருத்துவரின் கடிதத்தை இணையுங்கள். "ஓய்வு தேவை" என்ற பொதுவான வரியைவிட "இரவு ஷிப்டும் 8 மணிக்கு மேல் நிற்பதும் கூடாது" என்று குறிப்பாக எழுதி வாங்குவது நல்லது. முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும், மறுத்தால் காரணமும் சொல்ல வேண்டும். உங்களுக்கு 60 நாள் காத்திருக்க நேரமில்லை என்பதால் மனுவை இன்றே கொடுத்து, பெற்றுக்கொண்ட முத்திரையோடு ஒரு நகல் வாங்குங்கள். கர்ப்பத்தைக் காரணமாக்கி வேலையை விட்டு நீக்குவது குற்றம். வேறு காரணத்தால் நீக்கினேன் என்று நிரூபிக்க வேண்டியது முதலாளி. பேறுகால விடுப்பு 98 நாள்.

ஓவர்டைமுக்கு மறுத்தால் வேலை போய்விடும் என்கிறார்கள். டார்கெட் முடியும் வரை கேட்டைத் திறப்பதும் இல்லை. எங்கே, எப்படிப் புகார் செய்வது?
— பெயர் வேண்டாம், ஜொகூர் பாரு

மிரட்டியோ ஏமாற்றியோ வேலை வாங்கி, அந்த இடத்தைவிட்டு வெளியே போகவும் விடாமல் தடுத்தால் அது 90பி பிரிவின்படி கட்டாய உழைப்பு. ஒரு லட்சம் வெள்ளி வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். பூட்டிய கேட்டுக்கு உள்ளே தீப்பிடித்தால் என்ன ஆகும் என்பதையும் புகாரில் எழுதுங்கள். அதிகாரிகள் சீக்கிரம் வருவதற்கு அந்த வரி உதவும்.

புகார் உங்கள் வட்டாரத் தொழிலாளர் இலாகா அலுவலகத்தில். நேரில் போகலாம், இலாகாவின் இணையப் புகார் வழியாகவும் அனுப்பலாம். கட்டணம் இல்லை. மைகார்டு, வேலைக் கடிதம், சம்பளச் சீட்டுகள், உங்கள் சொந்த நேரக் குறிப்பு வேண்டும். புகார்கள் தடுக்கி விழுவது இந்தக் கடைசி ஒன்றில்தான். "தினமும் லேட்டாகும்" என்று சொன்னால் அதிகாரியால் ஒன்றும் செய்ய முடியாது. ஒரு சிறு நோட்டில் தேதி, உள்ளே போன நேரம், இடைவேளை, வெளியே வந்த நேரம், யார் நிற்கச் சொன்னார் என்று அன்றன்றே எழுதுங்கள். மாதக் கடைசியில் நினைவிலிருந்து எழுதினால் எல்லா நாளும் ஒரே மாதிரி இருக்கும், கம்பெனித் தரப்பு அதைத்தான் பிடித்துக்கொள்ளும். கம்பெனிப் பேருந்து ஏறும் நேரத்தில் வீட்டுக்கு அனுப்பும் வாட்ஸ்அப் செய்தியும் நேரத்தைக் காட்டும். கம்பெனியும் ஊழியர் பதிவேட்டை 6 ஆண்டு வைத்திருக்க வேண்டும். விசாரணையில் அதைக் கேட்டு வாங்கலாம்.

கூலி பாக்கி என்றால் வழக்கு தொழிலாளர் நீதிமன்றத்தில், அதே இலாகாவில் நடக்கும். வக்கீல் தேவையில்லை. வேலையை விட்டே நீக்கிவிட்டால் அது வேறு இடம்: தொழிலியல் உறவுத் துறையில், நீக்கிய நாளிலிருந்து 60 நாளுக்குள் மனுக் கொடுக்க வேண்டும். சம்பள வழக்கு முடியட்டும் என்று காத்திருந்து இந்த 60 நாளைத் தவறவிடுபவர்கள் அதிகம். இரண்டையும் ஒரே வாரத்தில் கொடுத்துவிடுங்கள்.

தினமும் பாலம் தாண்டி சிங்கப்பூர் தொழிற்சாலைக்குப் போகிறேன். எனக்கும் 104 மணிதானா?
— வாசகர், ஸ்கூடாய்

இல்லை, உங்களுக்கு சிங்கப்பூர்ச் சட்டம். அங்கே மாதத்துக்கு 72 மணி நேரம், நாளைக்கு 12 மணி நேரம், வாரம் 44 மணி நேரம். கூலியும் ஒன்றரை மடங்குதான், ஆனால் 26-ஆல் வகுப்பதில்லை: அடிப்படை மாதச் சம்பளத்தை 12-ஆல் பெருக்கி, 52-உம் 44-உம் பெருக்கிய 2,288-ஆல் வகுக்க வேண்டும். உடலுழைப்புத் தொழிலாளிக்கு அடிப்படைச் சம்பளம் 4,500 சிங்கப்பூர் டாலர் வரை, மற்றவர்களுக்கு 2,600 வரை இந்த உரிமை உண்டு. ஓவர்டைம் பணம் சம்பளக் காலம் முடிந்து 14 நாளுக்குள் கைக்கு வர வேண்டும்.